கேமன் தீவு வேலை: வரி ஜீரோ சரி, குடும்பத்தோட போனா மிச்சம் எவ்வளவு?

ஆடிட், ஃபண்ட் அக்கவுண்டிங் பக்கம் நாலஞ்சு வருஷம் அனுபவம் சேர்ந்ததும் பல பேருக்கு ஒரு ரெக்ரூட்டர் மெசேஜ் வரும்: "கேமன் தீவுகள், வருமான வரி கிடையாது." போகலாமா? தனி ஆள்னா யோசிக்காம போங்க. கல்யாணமாகி குழந்தையும் இருந்தா, ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுடலாம்.

கரீபியன் கடல்ல இருக்கிற இந்த பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியில சம்பளத்துக்கு வரி இல்லைங்கிறது உண்மைதான். ஆனா அரசாங்கத்துக்கு வருமானம் வேணுமே? தீவுல விளையறது கொஞ்சம். அரிசியிலிருந்து டயப்பர் வரைக்கும் கப்பல்ல வரணும், பல பொருள்களுக்கு 22% இறக்குமதி வரி. சம்பளத்துல பிடிக்காததை கடை பில்லுல பிடிச்சுடுறாங்க. வீட்டுல தலை கூடக் கூட அந்த வரியும் கூடும்.

இப்போ கணக்கு. ஒரு கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலருக்கு நிலையா கட்டப்பட்டிருக்கு. மாச சம்பளம் 6,500 கேமன் டாலர்னு வச்சுக்குவோம். செலவு எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு நான் எடுத்தது, உங்க ஆஃபருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. தனி ஆளுக்கு பகிர்ந்த வீடு 1,200, சாப்பாடு 500, கார் 350, கரன்ட்-போன் 150, இன்ஷூரன்ஸ் பங்கு 80, பென்ஷன் 325. மொத்தம் 2,605. மிச்சம் 3,895, அதாவது 4,674 அமெரிக்க டாலர். அருமை!

அதே சம்பளத்துல மனைவி, ஒரு குழந்தை. வாடகை 2,600, மளிகை 1,000, கார் 450, கரன்ட்-தண்ணி-போன் 400, ஸ்கூல் 1,000, இன்ஷூரன்ஸ் 350, பென்ஷன் 325. மொத்தம் 6,125. மிச்சம் 375, அதாவது 450 அமெரிக்க டாலர். வருஷத்துக்கு ஒரு தடவை மூணு பேரும் ஊருக்கு வந்து போக டிக்கெட் 4,500 டாலர்னா, மாசத்துக்கு 375 அதுலயே போயிடும். கையில நிக்கிறது 75 டாலர். (மயாமி வழியா வந்தா விமானம் மாறுறதுக்கே அமெரிக்க விசா வேணும்ங்கிறது தனிக் கதை.)

ஸ்கூல் ஏன் இவ்வளவு? அரசுப் பள்ளிகள் முதன்மையா உள்ளூர் குழந்தைகளுக்கு. வெளிநாட்டுக் குடும்பங்கள் பெரும்பாலும் தனியார் பள்ளிக்குத்தான் போறாங்க. ஹெல்த் இன்ஷூரன்ஸ் அங்கே சட்டப்படி கட்டாயம். உங்க பிரீமியத்துல பாதியை கம்பெனி கட்டணும், ஆனா மனைவி, குழந்தையோட பிரீமியத்தை முழுசா உங்க சம்பளத்துல பிடிக்கலாம். இந்த ரெண்டுக்கும் அலவன்ஸ் கேட்டு வாங்கறது, சம்பளத்துல 200 டாலர் கூட்டிக் கேக்கிறதை விட லாபம். (நம்ம தேவி ஷெட்டி 2014-ல ஆரம்பிச்ச மருத்துவமனை அங்கே இருக்கு. அது பில்லைக் குறைக்கும்னு மட்டும் நினைச்சுடாதீங்க.)

எல்லாத்தையும் விட பெரிய செலவு எந்த பில்லுலயும் வராது. அது மனைவியோட சம்பளம். உங்களைச் சார்ந்தவரா வந்தா அவங்க வேலை பார்க்க முடியாது, தனியா ஒர்க் பர்மிட் வேணும். அதுக்கு ஒரு கம்பெனி வேலையை விளம்பரம் பண்ணி, தகுதியான உள்ளூர் ஆள் கிடைக்கலைன்னு காட்டணும். சென்னையில அவங்க மாசம் 80,000 ரூபாய் சம்பாதிச்சா, மேல சொன்ன 75 டாலருக்காக அதை விடறோம்னு அர்த்தம். கூடவே ரெஸ்யூமேல மூணு வருஷ இடைவெளி. அவங்களுக்கும் 4,000 கேமன் டாலர்ல வேலை கிடைச்சா கதையே வேற: பென்ஷன் 200, குழந்தை பராமரிப்பு 500 போக 3,300 சேமிப்பு. அதனால என் கருத்து, நீங்க முதல்ல போய் ஆறு மாசம் இருங்க. அவங்களுக்கு ஆஃபர் வந்த பிறகு அவங்க இங்கே ராஜினாமா கொடுக்கட்டும்.

பென்ஷன் 9 மாசம் வேலை பார்த்த பிறகு கட்டாயம். உங்க பங்கு 5% வரை, கம்பெனி 5%. ஊர் திரும்பும்போது உடனே கைக்கு வரும் காசா அதை எண்ணாதீங்க, எப்போ எடுக்கலாம்னு எழுத்துல கேளுங்க.

கடைசியா நம்ம ஊர் வரி. வேலைக்காக கிளம்புற நிதியாண்டுல 182 நாளுக்குக் குறைவா இந்தியாவுல இருந்தாதான் என்ஆர்ஐ. ஏப்ரல் 1-லிருந்து இங்கேயே இருந்து செப்டம்பர் 28-ல கிளம்பினா 181 நாள், தப்பிச்சீங்க. நடுவுல லீவுக்கு வந்தா அந்த நாளும் சேரும். டிசம்பர் கடைசியில கிளம்பினா அந்த வருஷம் ரெசிடென்ட். ஜனவரி முதல் மார்ச் வரை வாங்கற கேமன் சம்பளத்துக்கும் இங்கே ஸ்லாப்படி வரி வரும். டாலர் 85 ரூபாய்னு வச்சா அந்த மூணு மாசம் மட்டும் சுமார் 19.9 லட்சம். சேர்ற தேதியை ஏப்ரலுக்குத் தள்ள முடியுமான்னு ஹெச்ஆர் கிட்ட கேட்டுப் பாருங்க. கிளம்பினதும் சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்ஆர்ஓ-வா மாத்தணும், அதை பேங்க் தானா பண்ணாது.