காலியான காம்பரா எங்கே போகிறது?

தெல்தெனியவிலிருந்து ரங்கல பக்கம் ஏறினால் வரும் தோட்டங்களில், லயத்தில் ஒரு சாவு விழுந்தால், கருமாதி முடியும்வரை யாரும் வாய்திறந்து கேட்காத கேள்வி ஒன்று உண்டு. காம்பரா இனி யாருக்கு? இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து அதில் மூத்தவன் குடும்பம் இருக்கும். உள்ளே குறுக்கே சேலை கட்டி இளையவன் குடும்பம் இருக்கும். "நான் போனப்புறம் நீ எடுத்துக்க" என்று பெரியவர் தாமே பலமுறை சொல்லியிருப்பார். பிள்ளைகளில் ஒருவரும் அவர் சாவை விரும்பியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் போகாமல் அங்கே இடம் பிறக்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மனிதரை இப்படிக் காத்திருக்க வைப்பது கொடுமை. அந்தக் கொடுமைக்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. அது விளங்கினால் எங்கே கைவைக்க வேண்டும் என்பதும் தெரியவரும்.

கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தெல்தெனியவில் முன் சீட்டுக்காரர் இறங்குகிறார். அந்த இடத்துக்கு நடுச் சீட்டுக்காரர் வருகிறார். நடுச் சீட்டுக்குப் பின் சீட்டுக்காரர். பின் சீட்டில், அதுவரை கம்பியைப் பிடித்து நின்ற ஒருவர் உட்காருகிறார். நம் கண்ணுக்கு ஆட்கள் முன்னே நகர்கிறார்கள். அந்தக் காலி இடத்தை மட்டும் தொடர்ந்து பார்த்தால், அது பின்னோக்கிப் போகிறது. நின்றவர் உட்கார்ந்த நொடியில் அது மறைந்துவிடுகிறது. இறங்கியவர் ஒருவர், வசதி அடைந்தவர்கள் மூவர்.

இயற்பியலாளர்களுக்கு இந்தப் பார்வை பழக்கமானது. சிலிக்கன் போன்ற குறைகடத்தியில் ஓர் இலத்திரன் தன் இடத்தை விட்டு நகர்ந்தால் அங்கே ஒரு துளை உண்டாகும். பக்கத்து இலத்திரன் அதில் புகுந்தால் துளை பக்கத்துக்கு நகரும். அந்த இல்லாமைக்கு நேர் மின்னேற்றம் இருப்பதாகவும், தனக்கென ஒரு திணிவும் வேகமும் இருப்பதாகவும் வைத்துக் கணக்கிடுவார்கள். உங்கள் கையிலிருக்கும் போன் அந்தக் கணக்கை நம்பித்தான் வேலை செய்கிறது.

ஹாரிசன் வைட் என்ற அமெரிக்கர் முதலில் இயற்பியலில் கலாநிதிப் பட்டம் பெற்றுவிட்டுச் சமூகவியலுக்கு வந்தவர். திருச்சபைகளின் பழைய பதிவேடுகளில் போதகர்கள் ஊர் மாறிய கதைகளைத் தேடியெடுத்தார். பெரிய ஆலயத்தின் போதகர் ஒருவர் இறந்தாலோ ஓய்வுபெற்றாலோ, அங்கே இன்னொரு ஊர்ப் போதகர் வருவார். அவர் விட்ட இடத்துக்கு வேறொருவர். ஆட்களை விட்டுவிட்டு வெற்றிடங்களின் பயணத்தை எழுதினால் எல்லாம் தெளிவாகிறது என்று 1970இல் வெளிவந்த நூலில் அவர் காட்டினார். அதை 'வெற்றிடச் சங்கிலி' என்று சொல்லலாம்.

இந்தச் சங்கிலியை மனிதருக்கு வெகு காலம் முன்பே கண்டுகொண்ட உயிர் ஒன்று உண்டு. துறவி நண்டுக்கு வயிற்றுப் பகுதி மென்மையானது, ஓடு கிடையாது. செத்துப்போன நத்தையின் காலி ஓட்டுக்குள் புகுந்துதான் அது உயிர் காக்கிறது. உடல் வளரும், குடியிருக்கும் ஓடு வளராது. ஆகவே வாழ்நாள் முழுக்க அதற்கு வீட்டுத் தேடல். 1980களில் ஐவன் சேஸ் என்ற சமூகவியலாளர், வைட்டின் சங்கிலி இந்த நண்டுகளிடமும் ஓடுகிறதா என்று கடற்கரையில் பார்த்தார். ஓடுகிறது. பெரிய காலி ஓடு ஒன்றைப் போட்டால் ஒரு நண்டு அதில் ஏறும். அது விட்ட ஓட்டில் அதைவிடச் சிறியது. அதன் பிறகு இன்னும் சிறியது. சராசரியாக இரண்டு மூன்று நண்டுகள் வீடு மாறின.

சில இனங்களில் இது இன்னும் வியப்பு. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் கரையில் நிலத்துத் துறவி நண்டுகளைக் கவனித்த ரண்டி ரொட்ஜன் குழு 2010இல் ஒரு காட்சியை விவரித்தது. தனக்குப் பெரிதான காலி ஓட்டைக் கண்ட நண்டு போய்விடுவதில்லை; பக்கத்திலேயே நிற்கிறது. மற்றவை வந்து சேர்கின்றன. பெரியதிலிருந்து சிறியதுவரை ஒன்றையொன்று பிடித்தபடி அளவுவாரியாக வரிசை கட்டுகின்றன. அந்த ஓட்டுக்கு ஏற்ற பெரிய நண்டு ஒன்று வந்து உள்ளே போனதுமே, மொத்த வரிசையும் நொடிகளில் வீடு மாறி முடிகிறது.

மரணத்தின் வாசனையையும் அவை அறியும். லியா வல்டெஸ், மார்க் லெய்ட்ரே இருவரும் கோஸ்டாரிகாவில் சிறு குழாய்களில் இறந்த துறவி நண்டின் சதைத் துண்டுகளை வைத்துப் பார்த்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். நிமிடங்களில் நண்டுகள் கூட்டமாய் வந்து மொய்த்தன. தின்பதற்காக அவை வரவில்லை. தன் இனத்தில் ஒன்று செத்தது என்றால் எங்கோ ஓர் ஓடு காலி. நிலத்து நண்டுகள் தலைமுறை தலைமுறையாக ஓட்டின் உட்புறத்தைக் குடைந்து இடம் பெருக்கி வைப்பவை. அப்படித் திருத்திய ஓடு, முன்பு குடியிருந்தது இறந்தால் அல்லது வெளியேறினால்தான் கிடைக்கும். நண்டுக்கு இதில் வெட்கமும் இல்லை, குற்ற உணர்வும் இல்லை. அவை மனிதருக்குத்தான்.

மனிதர் வீடுகளிலும் சங்கிலியை அளந்திருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜோன் லான்சிங்கும் துணையாளர்களும் 1960களில் அமெரிக்காவின் 17 நகரங்களில், புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிவந்தவர்கள் விட்டுவந்த வீட்டில் யார், அவர்கள் விட்டதில் யார் என்று கதவு கதவாகத் தேடிப் போனார்கள். 1969இல் வந்த அவர்கள் முடிவு: ஒரு புதிய வீடு சராசரியாக மூன்றரைக் குடும்பங்களை நகர்த்துகிறது.

ஆனால் சங்கிலி எங்காவது முடிந்தாக வேண்டும். கட்டடத்தை இடித்தால் முடியும். புதுமணத் தம்பதி பெற்றோரைப் பிரிந்து தனிக்குடித்தனம் வந்தால் முடியும்; அவர்கள் பின்னால் காலி வீடு எதையும் விட்டு வரவில்லை. ஒரு குடும்பத்தில் பாதிப்பேர் போய் மீதிப்பேர் அதே வீட்டில் இருந்தாலும் முடியும்.

சங்கிலி அறுவதன் மிகப் பெரிய சாட்சி தெல்தெனியவிலேயே கிடக்கிறது. மகாவலிக்குக் குறுக்கே 122 மீற்றர் உயரத்தில் விக்டோரியா அணை எழுந்து, 1984இல் நீர் தேங்கத் தொடங்கியதும் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மேட்டு நிலத்துக்கும் தூரத்து மகாவலிக் குடியேற்றங்களுக்கும் போயின. இவ்வளவு பெரிய இடப்பெயர்வு நடந்தும், அவர்கள் விட்ட வீடுகளில் ஒன்றுகூட இன்னொரு குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. வெற்றிடங்கள் அத்தனையையும் தண்ணீர் எடுத்துக்கொண்டது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய ஊரின் எச்சங்கள் வெளியே தெரிவதைப் பார்க்க இன்றும் கூட்டம் போகிறது.

லயத்தில் நடப்பது வேறு மாதிரி. கோப்பிக் காலத்தில் தொடங்கிய இந்த வரிசைக் கட்டடங்களில் ஒரு காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. தோட்டத்தில் பேர் இருந்தால் காம்பரா. அதற்கு வாடகைச் சீட்டும் கிடையாது, காணி உறுதியும் கிடையாது. பட்டணத்து வாடகை வீட்டில் குடியிருந்தவர் இறந்தால், கூட வாழ்ந்த துணையோ பிள்ளையோ தொடர்ந்து குடியிருக்க 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வழிசெய்தது. காம்பராவைத் தக்கவைப்பது நடைமுறையில் வேறொன்று: வீட்டில் யாராவது ஒருவர் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். அதனால் கொழும்பில் வேலை கிடைத்த பிள்ளையும் முழுசாக வெளியேற முடியாது. வீட்டில் ஒருத்தி கொழுந்துக் கூடையை இறக்கிவைக்கவும் முடியாது.

இப்படிப்பட்ட இடத்தில் பெரியவர் இறந்ததும் பிறக்கும் வெற்றிடம் வாசலைத் தாண்டுவதே இல்லை. அதை நிரப்ப வேண்டிய குடும்பம் ஏற்கெனவே வாசலுக்கு உள்ளேதான் நிற்கிறது. சேலைத் திரை ஓர் ஐந்தடி நகரும், கதை முடிந்தது. நண்டுக் கரையில் ஒரு மரணம் இரண்டு மூன்று பேருக்கு வீடு தருகிறது. இங்கே ஒரு மரணம் ஒரு கட்டில் அளவு இடம் தருகிறது.

காத்திருப்பின் நீளத்துக்கும் ஒரு விதி உண்டு. பெஞ்சமின் கொம்பெர்ட்ஸ் 1825இல் கண்டது அது: வளர்ந்த மனிதருக்கு மரண வாய்ப்பு, வயது ஏற ஏறப் பெருக்கலாக ஏறுகிறது, ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. காப்புறுதிக் கம்பனிகள் இதை வைத்துத்தான் பிழைக்கின்றன. ஆனால் ஆயிரம் பேரைப் பற்றி அவ்வளவு திருத்தமாகப் பேசும் விதி, ஒரே ஒருவரைப் பற்றிக் கேட்டால் ஊமையாகிவிடும்.

பிரான்சின் ஆர்ல் நகரத்தில் 1965இல் அந்த்ரே பிரான்சுவா ரஃப்ரே என்ற நொத்தாரிசு ஓர் ஒப்பந்தம் செய்தார். அவருக்கு வயது 47. ழான் கல்மான் என்ற 90 வயதுப் பெண்மணிக்கு மாதம் 2,500 பிராங்க் கொடுத்துவர வேண்டும். அவர் இறந்தபின் அவருடைய அடுக்குமாடி வீடு ரஃப்ரேக்கு. அந்நாட்டில் இது சட்டப்படியான, சாதாரணமான ஏற்பாடு. 90 வயதில் சராசரியாக மிச்சமிருப்பது மூன்று நான்கு ஆண்டு. ரஃப்ரே 30 ஆண்டு பணம் கட்டினார். வீட்டின் பெறுமதியைப் போல இரு மடங்குக்கு மேல் கட்டிவிட்டு, 1995 டிசம்பரில் 77 வயதில் இறந்தார். அவர் மனைவி தொடர்ந்து கட்டினார். கல்மான் 1997 ஆகஸ்ட் 4ஆம் திகதி, 122 வயதில் காலமானார். பதிவான மனித ஆயுள்களில் அதுவே மிக நீண்டது.

ரஃப்ரே செய்த கணக்கில் பிழை இல்லை. ஒரே ஒரு கதவுக்கு முன்னால் நின்றதுதான் அவருக்கு வினையானது. அவரே 100 வீடுகளுக்கு இப்படி ஒப்பந்தம் எழுதியிருந்தால், சராசரியைச் சுற்றி இருக்கும் நிச்சயமின்மை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். எண்ணிக்கை கூடக்கூட அதன் வர்க்கமூல அளவுக்கு ஊசலாட்டம் குறையும் என்பது புள்ளிவிபரத்தின் அடிப்படை விதி. லண்டன் போன்ற நகரங்களில் நகரசபை வீடுகளுக்குக் காத்திருப்போரும் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் காத்திருப்பது ஆயிரக்கணக்கான கதவுகளுக்குச் சேர்த்து, ஒரு பொதுப் பட்டியலில். யாரோ முகம் தெரியாத ஒருவர் விட்டுப்போன வீடு அவர்களுக்கு வரும். லயத்துப் பிள்ளைக்கோ ஒரே கதவு; கதவுக்குப் பின்னால் சொந்த அப்பன். காத்திருப்பின் சராசரி இருவருக்கும் ஒன்றாகவே இருந்தாலும் அதன் வலி ஒன்றாக இருக்க முடியாது.

வரிசைக் கணிதத்தில் ஓர் எளிய உண்மை இருக்கிறது. ஜோன் லிட்டில் 1961இல் நிறுவியது. நிலையாக ஓடும் எந்த வரிசையிலும், நிற்பவர் தொகை என்பது ஆண்டுக்கு இடம் பெறுவோர் தொகையைக் காத்திருக்கும் ஆண்டுகளால் பெருக்கினால் வருவது. கணக்குக்காக ஒரு தோட்டம் வைத்துக்கொள்வோம்: 100 காம்பரா, உள்ளே மறைவாகக் காத்திருக்கும் குடும்பம் 60, ஆண்டுக்குப் பிறக்கும் இடம் 4. காத்திருப்பு 15 ஆண்டு. வயது 25இல் கட்டிக்கொண்டவனுக்கு 40இல் கதவு. ஆயுள் நீண்டால், அது எல்லோரும் கொண்டாட வேண்டிய நல்ல செய்தி, அந்த 4 இன்னும் குறையும். இலங்கையரின் சராசரி ஆயுள் 75ஐத் தாண்டிவிட்டது. ஆக, மரணத்தை நம்பிய வீட்டு முறை நாட்டின் உடல்நலம் சிறக்கச் சிறக்கத் தானாகவே மோசமாகும். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது அதே தோட்டத்துக்கு 20 புதிய வீடுகள் வருகின்றன என்று வையுங்கள். கற்பனையில் மட்டும் நடப்பது இல்லை இது. வடக்கு கிழக்குக்கும் மலையகத்துக்குமான இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 அறிவித்தார். ஒரு வீடு 550 சதுர அடி, 7 பேர்ச் காணியில், ஏறத்தாழ 177 சதுர மீற்றரில். லயத்தோடு ஒப்பிட இது வேறு உலகம். ஆனால் அந்த 20 வீடுகள் எந்த விதமாகக் கைமாறுகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மறைந்திருக்கும் 60 குடும்பங்களில் 20க்குத் தனித்தனியாகக் கொடுத்தால் வரிசை 40. காத்திருப்பு 10 ஆண்டாக இறங்கும். பெற்றோரைப் புது வீட்டுக்கு அனுப்பி, பழைய காம்பராவைத் திருத்தி மகன் குடும்பத்துக்கு விட்டாலும் அதே 40தான். அதோடு ஒரு வீடு இரண்டு குடும்பத்தை நிமிர்த்தியிருக்கும். ஆனால் அப்பா, மூத்தவன், இளையவன் எல்லோரையும் ஒரே பயனாளி என்று எழுதி ஒரே புதிய வீட்டில் ஏற்றிவிட்டு, பழைய காம்பராவை இடித்தால்? கூரை நல்லது, சுவர் நல்லது, மழை ஒழுகாது. வரிசை மட்டும் 60ஆகவே நிற்கும். சேலைத் திரையும் கூடவே புது வீட்டுக்குப் போயிருக்கும். விக்டோரியாவில் தண்ணீர் செய்ததை இங்கே கடப்பாரை செய்துவிடும்.

பழைய லயங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றில் பல இடிபடத்தான் வேண்டும். இடிப்பதற்கு முன்னால் அந்த வாசலுக்குள் எத்தனை வரிசை நிற்கிறது என்று எண்ண வேண்டும். குடிசன மதிப்பீட்டில் 'வீட்டு அலகு' என்பது ஒன்றாக உணவு ஏற்பாடு செய்துகொண்டு கூடி வாழ்பவர்கள். ஒரே அடுப்பில் சமைக்கும் மூன்று தம்பதிகள் அந்தக் கணக்கில் ஒரே அலகுதான். அடுப்பு ஒன்றானதற்குக் காரணம் விருப்பமா, இரண்டாவது அடுப்பு வைக்க இடமில்லாததா என்று படிவத்தில் கேள்வி இல்லை. பயனாளிப் பட்டியல் எழுத வரும் உத்தியோகத்தர் ஒவ்வொரு காம்பராவிலும் கூடுதலாக ஒன்றைக் கேட்டால் போதும்: இடம் இருந்தால் இங்கிருந்து தனியாகப் போக விரும்பும் குடும்பங்கள் எத்தனை? அந்த எண்ணைத் தோட்டம் தோட்டமாகக் கூட்டினால்தான், ரங்கலவிலும் ஹுன்னஸ்கிரியவிலும் எத்தனை வீடு கட்ட வேண்டும் என்ற கணக்கையே தொடங்க முடியும்.