குரோமிய மஞ்சளின் நிறமாற்றம்: நிறமாலையியல் வழி ஓர் விளக்கம்

முன்னுரை

ஒரு பொருளில் எத்தனிமங்கள் உள்ளன என்பதும், அவை எந்நிலையில் உள்ளன என்பதும் வெவ்வேறு வினாக்களாகும். வேதிமாற்றத்தை ஆராய்வோர்க்கு இரண்டாம் வினாவே இன்றியமையாதது. வின்சென்ட் வான்கோவின் ஓவியங்களில் மஞ்சள் வண்ணம் பழுப்பாக மாறியதைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

ஆய்வுச் சிக்கல்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்கள் பெரிதும் கையாண்ட குரோமிய மஞ்சள், காரீயக் குரோமேட்டு என்னும் சேர்மம் ஆகும். ஒளி பட்டால் இது கருமையடையும் என்பது அந்நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. எனினும், மாற்றம் மேற்பரப்பின் சில மைக்ரோமீட்டர் படலத்திலேயே நிகழ்வதால் அதன் காரணம் எளிதில் புலப்படவில்லை. எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை குரோமியம் இருப்பதைக் காட்டும். மாறிய குரோமியத்தை மாறாததிலிருந்து பிரித்துக் காட்டுவது அம்முறையின் வழக்கமான பயன்பாட்டில் இயலாது.

எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலையியல்

2011இல் வெளியான ஆய்வில், பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரிலுள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் நிலையத்தின் நுண்கதிர்க்கற்றை பயன்படுத்தப்பட்டது. குரோமேட்டில் குரோமியம் +6 ஆக்சிசனேற்ற நிலையில், நான்முகி அமைப்பில் உள்ளது. இதனால் சுமார் 5,993 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் கூர்மையான முன்விளிம்பு முகடு தோன்றுகிறது. எண்முகி அமைப்பிலுள்ள +3 நிலைக் குரோமியத்தில் அம்முகடு மிக வலுவற்றது. கருமையடைந்த படலத்தில் +3 நிலைக் குரோமியம் கண்டறியப்பட்டதால், நிறமாற்றத்திற்கு ஒடுக்க வினையே காரணம் எனத் தெளிவாயிற்று.

இராமன் நிறமாலையியல்

குரோமிய மஞ்சள் ஒரே வகையினதன்று. சல்பேட்டு மிகுந்த வெளிர்மஞ்சள் வகை, தூய காரீயக் குரோமேட்டைவிட ஒளியால் எளிதில் சிதைகிறது. தூய வகையில் 840 செ.மீ.⁻¹ அருகில் தோன்றும் குரோமேட்டு அதிர்வு முகடு, சல்பேட்டு மிகும்போது உயர் அலையெண் நோக்கி நகர்கிறது. எனவே ஓவியத்திலிருந்து மாதிரி எடுக்காமலேயே இவ்வகைகளை இனங்காண இயலுகிறது. ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்திலுள்ள ‘சூரியகாந்திகள்’ ஓவியத்தின் வெளிர்மஞ்சள் பகுதிகளில் எளிதில் சிதையும் வகை இருப்பது இத்தகைய ஆய்வுகளால் அறியப்பட்டது.

கவனிக்கத்தக்கது

செறிவுமிக்க எக்ஸ் கதிர்க்கற்றையே குரோமியத்தை ஒடுக்கக்கூடும். ஆதலின் கதிரளவைக் கட்டுப்படுத்தாமல் பெற்ற +3 நிலைச் சான்று, ஓவியத்தின் மூப்பைக் காட்டுகிறதா, அளவீட்டின் விளைவைக் காட்டுகிறதா என்ற ஐயம் எழும். ஒரே இடத்தில் அளவீட்டை மீளச் செய்து நிறமாலை மாறாமையை உறுதிசெய்தல் வேண்டும்.

முடிவுரை

உட்கவர் நிறமாலை நிகழ்ந்த மாற்றத்தை உணர்த்துகிறது. இராமன் நிறமாலை இனி மாறக்கூடிய பகுதியை அடையாளம் காட்டுகிறது. இரண்டும் இணையும்போதுதான், ஓவியத்தின் மீது எவ்வளவு ஒளி படலாம் என்பதைப் பாதுகாவலர் சான்றுடன் வரையறுக்க முடியும். இழந்த மஞ்சளை மீட்பது அரிது. எஞ்சியதைக் காப்பது இயலும்.