வானிலைக் கருவிகள் – 9: சிலிக்கன் ஏடும் காற்றின் பாரமும்

டாரிச்செல்லியின் கண்ணாடிக் குழாயில் 760 மில்லிமீட்டர் உயரத்துக்கு நின்ற பாதரசத்தின் சரித்திரத்தைச் சென்ற இதழில் விஸ்தாரமாகப் பார்த்தோம். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் பாரமானிகளில் பிரதானமாக வீற்றிருந்த அத்திரவம் நஞ்சென்பதால், 2013-ல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, 2020-க்குப் பின் அதைக் கொண்டு புதிய பாரமானிகள் செய்யலாகாது என்று விதித்தது. இன்று அதன் ஸ்தானத்தில் இருப்பது விரல் நகத்தினும் சிறிய சிலிக்கன் சில்லு.

தத்துவம் புதியதன்று. காற்றை வெளியேற்றிய மெல்லிய உலோகப் பெட்டி, வெளியழுத்தத்துக்கேற்ப அமுங்கியும் எழும்பியும் ஒரு முள்ளை நகர்த்துமாறு 1844-ல் பிரெஞ்சுக்காரரான லூசியன் வீடி செய்த உபாயமே இங்கே சூட்சும ரூபம் எடுத்திருக்கிறது. பின்லாந்தின் வைசாலா நிறுவனம் 1985-ல் வெளியிட்ட பாரோகேப் என்னும் உணரியில், சிலிக்கனில் செதுக்கிய ஏடு ஒன்று மிருதங்கத்தின் தோலைப்போல விளிம்பெங்கும் பிணிக்கப்பட்டு நிற்க, ஒரு புறம் வெற்றிடமும் மறுபுறம் வெளிக்காற்றுமாக இருப்பதால், அழுத்தம் ஏற ஏற அந்த ஏடு வெற்றிடத்தின் பக்கமாக வளைந்து, எதிரே அசையாதிருக்கும் மின்வாயை நெருங்க, இரண்டும் சேர்ந்து அமைந்த மின்தேக்கியின் கொள்திறன் கூடுகிறது. வேறு வகை உணரிகளில் ஏட்டின் மீதே மின்தடைகள் பதிந்திருக்கும். வளையும்போது அவற்றின் தடை மாறும். சிலிக்கனுக்குள்ள இந்தக் குணத்தை 1954-ல் வெளிப்படுத்தியவர் பெல் ஆய்வுக்கூடத்தின் சார்லஸ் ஸ்மித்.

வளைவை உணர்வது சுலபம். அதில் காற்றின் பாரத்தால் வந்தது எவ்வளவு, பிறவற்றால் வந்தது எவ்வளவு என்று பிரித்தறிவதில்தான் சாமர்த்தியமெல்லாம் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. முதற் சத்துரு உஷ்ணம். சிலிக்கன் சூடேறினால் அழுத்தம் மாறாதிருந்தும் அளவு மாறும். ஆகையால் உணரியை ஒட்டியே ஒரு வெப்ப உணரியும் வைத்து, தொழிற்சாலையில் பல வெப்பநிலைகளிலும் பல அழுத்தங்களிலும் ஒவ்வொன்றையும் தனித்தனியே பரீட்சித்து, அதற்கே உரிய திருத்த எண்களை நினைவகத்தில் பதித்து அனுப்புகிறார்கள். ஒன்றின் எண்கள் மற்றொன்றுக்கு உதவா.

காற்று வீசுவதும் ஓர் இடைஞ்சலே. கட்டடத்தின் காற்றெதிர்ப் பக்கத்தில் அழுத்தம் சற்றே ஏறி மறுபக்கத்தில் இறங்குவதால், புயலில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு மேலும் பிழை நேரலாம். வீச்சின் பாதிப்பைத் தணிக்குமாறு வடிவமைத்த முகப்பொன்றை, உணரிக்கு வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாயின் வாயிலில் பொருத்துவது அதனாலேயே.

உயரத்தின் கதை இன்னும் விசித்திரம். கடல்மட்டத்தருகே சுமார் 8 மீட்டர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். பத்தில் ஒரு பங்கு ஹெக்டோபாஸ்கலைப் பிரித்தறியும் கருவிக்கு, மேஜையிலிருந்து தரைக்கு இறக்கி வைத்ததுகூடத் தெரிந்துவிடும்! நிலையத்தின் உயரத்தோடு நில்லாமல் உணரி இருக்கும் உயரத்தையே நுட்பமாக அளந்து, அதைக் கொண்டு கடல்மட்ட அழுத்தத்தைக் கணித்தாலன்றி, ஊருக்கு ஊர் ஒப்பிட்டுச் சமஅழுத்தக் கோடுகள் வரைய இயலாது.

இத்தனையும் சரியாக இருந்தாலும், வருஷங்கள் செல்லச் செல்ல உணரியின் அளவு மெல்ல நகர்ந்துவிடுவதைத் தவிர்க்க முடிவதில்லை. ஆகவே குறித்த காலத்தில் பிரமாணக் கருவியோடு ஒப்பிடுகிறார்கள். முக்கியமான நிலையங்களுக்கென்று ஒரே பெட்டிக்குள் மூன்று உணரிகளை வைத்தும் செய்கிறார்கள்: இரண்டு மட்டும் இருந்து மாறுபட்டால் எது பிசகிற்று என்று சொல்ல வழியில்லை, மூன்றிருந்தால், ஒத்துப்போகும் இரண்டை நம்பி மற்றதைக் கழற்றிப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.