ஐந்து நிமிஷச் சாப்பாடு

மணி எட்டரை. பாளையங்கோட்டை பஸ் வந்துவிடும். குழந்தைகளுக்குக் கட்டிக் கொடுத்தாயிற்று, அவருக்கும் ஆயிற்று. உங்களுக்கு? "ஒரு டம்ளர் கரைத்துக் குடித்தால் போச்சு!" என்கிறீர்கள், இல்லையா?

கரைத்துக் குடிக்கும் ஆகாரம் நேற்று வந்ததல்ல. ஹார்லிக் சகோதரர்கள் அமெரிக்காவில் 1873-லேயே அந்த வியாபாரத்தைத் தொடங்கிவிட்டார்கள். 1958-ல் ஜப்பானியரான மோமோஃபுகு ஆண்டோ, வெந்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து ஈரத்தைப் போக்கினார். வெந்நீர் பட்டதும் அது மிருதுவாகிவிடுகிறது. 1983-ல் மாகி நம் நாட்டுக்கும் வந்தது.

தாமிரபரணிக் கரையில் பிறந்தவளுக்கு இதெல்லாம் ஓர் அதிசயமா? நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடித்தால் அவல். தண்ணீரில் நனைத்து, மோரும் உப்பும் சேர்த்தால் அடுப்பே வேண்டாம்!

நானும் ஒரு வாரம் பகல் சாப்பாட்டுக்குப் பதில் பவுடரைக் கரைத்துக் குடித்துப் பார்த்தேன். நேரம் மிச்சமானது வாஸ்தவம். ஆனால் மூன்று மணிக்கே வயிறு கூப்பிட்டது. டப்பாவின் பின்புறத்தைப் படித்தேன். சர்க்கரை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது!

அவசரத்துக்குக் குடியுங்கள், குற்றமில்லை. வாங்குமுன் சர்க்கரை எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று பாருங்கள். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் சோறு, உங்களுக்கு மட்டும் டம்ளர் என்பது தினசரி வழக்கமாகிவிட்டால், உடம்பு எத்தனை நாள் தாங்கும், சகோதரி? நாளை முதல் உங்களுக்கும் ஒரு தட்டு எடுத்து வையுங்கள்.