பிலிம் கமராவைத் தெரிவு செய்தல்

தளவாடி, குவிவு வில்லை, அரியம் ஆகியவற்றை ஒளியியல் அலகில் தனித்தனியே கற்றிருப்பீர்கள். இம்மூன்றும் ஒன்றாகத் தொழிற்படும் கருவியே ஒற்றை வில்லைத் தெறிப்புக் கமரா ஆகும். சுருக்கமாக எஸ்.எல்.ஆர். கமரா என்பர். வில்லையூடாக வரும் ஒளி 45 பாகை சாய்ந்த தளவாடியில் பட்டு மேல்நோக்கித் தெறிக்கும். அங்கே தோன்றும் விம்பம் நிமிர்ந்ததாயினும் இடம் வலம் மாறியிருக்கும். அதனைச் சீர்செய்து கண்ணுக்கு அனுப்புவது ஐங்கோண அரியம். பொத்தானை அழுத்தியதும் தளவாடி மேலெழும். ஷட்டர் திறந்து ஒளி பிலிமில் விழும்.

பிலிம் எஸ்.எல்.ஆர். விற்பனையை கனன் 2018 இலும் நிக்கோன் 2020 இலும் முடித்துக்கொண்டன. ஆகவே பொழுதுபோக்காகப் படம் பிடிப்பவர் இன்று பாவித்த கமராவையே பெரும்பாலும் தேடவேண்டும். ஒரு சுருளில் 36 படங்களே. பிலிமுக்கும் கழுவுவதற்கும் தனித்தனியே பணம் வேண்டும். கமராவிலேயே பணம் முழுவதையும் செலவழித்தவர் பிறகு படம் பிடிப்பது எவ்வாறு?

1976 முதல் 1997 வரை உற்பத்தியான பென்டக்ஸ் கே 1000, 1982 இல் வெளிவந்த நிக்கோன் எப்.எம். 2 ஆகிய இரண்டையும் ஒப்பிடுவோம். இரண்டிலும் ஷட்டர் பொறிமுறையால் இயங்கும். மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே. பென்டக்ஸின் மிகக் குறுகிய ஷட்டர் நேரம் 1/1000 செக்கன், நிக்கோனில் 1/4000 செக்கன். பொதுவாக நிக்கோனே விலை கூடியது. கூடுதல் பணத்திற்குப் பயன் உண்டா? கணித்துப் பார்ப்போம்.

நல்ல வெயிலில், துவாரம் எப் 16 ஆயின், ஷட்டர் நேரம் பிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணின் நிகர்மாறுக்குக் கிட்டியதாகும். ஐ.எஸ்.ஓ. 400 பிலிமுக்கு அது ஏறத்தாழ 1/500 செக்கன். முகத்தின் பின்னணியை மங்கலாக்கத் துவாரத்தைப் பெரிதாக்க வேண்டும். (எப் இலக்கம் குறையத் துவாரம் பெருகும். பலர் இதை மாற்றி எழுதுகின்றனர், கவனிக்க.) 16, 11, 8, 5.6 என ஒவ்வொரு படியிலும் ஒளி இருமடங்காகும். எனவே நேரத்தைப் பாதியாக்க வேண்டும். பென்டக்ஸ் எப் 11 உடன் நின்றுவிடும். நிக்கோன் 1/4000 இல் எப் 5.6 வரை செல்லும்.

இனி பென்டக்ஸில் ஐ.எஸ்.ஓ. 100 பிலிமை இடுங்கள். எப் 16 இல் 1/125, எப் 11 இல் 1/250, எப் 8 இல் 1/500, எப் 5.6 இல் 1/1000. அதே எப் 5.6! அந்தப் பெரிய விலை வித்தியாசத்தை ஒரு பிலிம் சுருள் ஈடுசெய்துவிட்டது. விரைந்தோடும் வீரரைப் பிடிப்பவருக்கும், பகல் வெளிச்சத்தில் பிளாஷ் பாவிப்பவருக்கும் மட்டும் நிக்கோன் உண்மையில் தேவை. பிளாஷுடன் பென்டக்ஸ் 1/60 செக்கனுக்கு மேல் செல்லாது.

கனன் ஏ.ஈ. 1 (1976) நேரத்தை நாம் தெரிவு செய்ய, துவாரத்தைத் தானே தெரிவு செய்யும். வசதிதான். ஆயினும் மின்கலம் தீர்ந்தால் ஒரு படமும் எடுக்க முடியாது. ஒலிம்பஸ் ஓ.எம். 1 சிறியது, அழகானது. ஆனால் அதன் ஒளிமானி 1.35 வோல்ற்று இரச மின்கலத்துக்கென அமைக்கப்பட்டது. 1.5 வோல்ற்று மின்கலத்தை இட்டால் அளவீடு பிழைக்கும்.

எந்த மாதிரியாயினும் விலை பேசுமுன் வில்லையைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கி ஷட்டரை இயக்கிப் பாருங்கள். 1/1000 இலும் முழுச்சட்டமும் ஒருகணம் வெளிச்சமாகத் தெரியவேண்டும். ஒரு பக்கம் இருண்டிருந்தால் வாங்கவேண்டாம். மூடியின் ஓரத்துக் கறுப்புப் பஞ்சு உதிர்ந்திருப்பது பெரிய குறையன்று, குறைந்த செலவில் மாற்றலாம். வில்லையினுள் சிலந்தி வலைபோல் நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். அவ்வில்லையை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.