காற்றும் உரமும்

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். வயலில் நிற்கும் நெல்லைச் சுற்றிலும் அதே காற்றுத்தான். ஆயினும் நைட்ரஜன் போதாமல் அந்நெல் வெளிறி மஞ்சளிக்கிறது. ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கும் என்பார்கள்; இங்கே பயிருக்கு நக்கவும் வழியில்லை.

நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்தே உலவுகின்றன. அவ்விரண்டையும் மூன்று பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருக்கின்றன. அக்கட்டை அவிழ்க்கும் ஆற்றல் நெல்லுக்கு இல்லை. உளுந்து, பயறு முதலியவற்றின் வேர் முண்டுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு உண்டு. மின்னலும் சிறிதளவு செய்கிறது.

1898-ல் வில்லியம் குரூக்ஸ் என்னும் ஆங்கில விஞ்ஞானி, சிலி நாட்டு நைட்ரேட் உப்பு தீர்ந்தால் உணவுக்கு ஆபத்து என்று எச்சரித்தார். 1909-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் வழி கண்டார். ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் கூடினால் இரண்டு பங்கு அம்மோனியா. நான்கு பங்கு வாயு இரண்டாகச் சுருங்குவதால், அழுத்தம் மிகுந்தால் அம்மோனியாவும் மிகும். கூடும்போது வெப்பம் வெளிப்படுவதால், சூடு மிகுந்தால் பிறந்த அம்மோனியா மீண்டும் பிரிந்துவிடும். சூடேற்றாவிட்டாலோ, ஒன்றுமே நடவாது! ஆகவே இரும்பைக் கிரியா ஊக்கியாக வைத்து, 400 முதல் 500 டிகிரி சூட்டில், காற்றழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் ஒரு சமரசம் செய்கிறார்கள். ஒரு சுற்றில் கூடுவது ஏறத்தாழ 15 சதவீதமே. அதைக் குளிர்வித்துத் திரவமாக வடித்துக்கொண்டு, எஞ்சிய வாயுவைத் திரும்ப உள்ளே செலுத்துகிறார்கள்.

இதை ஆலையாக்கியவர் கார்ல் பாஷ். எனக்கு ஹேபரைவிட இவரிடந்தான் பற்று அதிகம். அச்சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து அதிலுள்ள கரியைத் தின்றுவிட, கனத்த குழாய்களும் சில நாட்களில் வெடித்தன. பாஷ் என்ன செய்தார்? கரி குறைந்த மெல்லிரும்பை உள்ளுறையாகப் பொருத்தினார்; வெளியிலுள்ள எஃகுக்குச் சிறு துளைகள் இட்டார். உறையைக் கடந்து கசிந்த ஹைட்ரஜன், எஃகைக் கெடுக்குமுன் துளைவழி வெளியேறிவிட்டது. ஓட்டை போட்டுப் பாத்திரத்தைக் காப்பாற்றிய கெட்டிக்காரர்! 1913-ல் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்கிற்று. மறு ஆண்டே போர் மூள, அதன் அம்மோனியா வெடிமருந்துக்கும் போயிற்று.

ஹைட்ரஜனுக்கு எங்கே போவது? ஆல்வாயில் 1947-ல் உற்பத்தி தொடங்கிய ஆலை, விறகிலிருந்து அதைப் பெற்றது. 1951-ல் தொடங்கிய சிந்திரி ஆலைக்கு நிலக்கரி. இன்று நம் ஆலைகளுக்கு இயற்கை வாயு. அதில் பெரும்பங்கு கப்பலில் வருகிறது. ஆகவே எங்கோ போர் என்றால் நம் உரத்தின் அடக்கவிலையும் ஏறுகிறது.

அவ்வாயுவும் நீராவியும் சேர்ந்து ஹைட்ரஜன் உண்டாகும்போது கரியமில வாயுவும் உண்டாகிறது. அதை அம்மோனியாவோடு அழுத்திச் சேர்த்தால் யூரியா. அம்மோனியம் சல்பேட்டில் நைட்ரஜன் 21 சதவீதம், யூரியாவில் 46. மூட்டை சுமப்பவனுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும்.

நான் வடக்கே வளர்ந்தவன். விடுமுறையில் மன்னார்குடிப் பக்கம் போனபோது மாமா கேட்டார்: "இரசாயனம் படிக்கிறாயே, மூட்டை மூட்டையாய்ப் போடுகிறேன், பாதி எங்கேயடா போகிறது?" பாதி என்றது மிகையன்று. மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது; தேங்கிய நீரில் தூவினால் வெயிலில் அதில் ஒரு பகுதி பறந்துவிடும். நைட்ரேட்டாக மாறியதில் ஒரு பகுதி நீரோடு கீழே இறங்கும். இன்னொரு பகுதியைச் சேற்று நுண்ணுயிர்கள் நைட்ரஜனாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்பும். பாஷ் பட்ட பாடு அவ்வளவும் வீண்!

வேப்பெண்ணெய் பூசினால் நைட்ரேட்டாகும் வேகம் குறையும். 2015 முதல் நம் நாட்டில் செய்யும் யூரியா முழுவதும் அவ்வாறு பூசப்படுகிறது. நீரை வடித்துவிட்டு ஈரச் சேற்றில், ஒரே தடவையாக அல்லாமல் மூன்று நான்கு தவணையாக இடச் சொன்னேன். ஐந்து பங்கு யூரியாவுக்கு நான்கு பங்கு ஜிப்சமும் ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஓரிரவு வைத்திருந்து தூவும் முறையும் உண்டு என்றேன். மாமா சிரித்தார். "புண்ணாக்கு கலப்பது என் அப்பாவுக்கே தெரியுமடா, ஜிப்சந்தான் புதுசு" என்றார்.