துக்கமில்லாத அழுகை

பக்கவாதத்திலிருந்து தேறிவரும் சிலரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் போதும், முகம் கோணி விம்மி விம்மி அழத் தொடங்கிவிடுவார்கள். பார்க்க வந்தவர்கள் பதறிப்போய், "மனசைத் தளர விடாதீங்க" என்பார்கள். ஓரிரு நிமிடத்தில் அழுகை தானாக ஓய்ந்துவிடும். அழுதவர் முகத்தில் மிஞ்சுவது கூச்சம் மட்டுமே. மருத்துவர்கள் இதைச் 'சூடோபல்பார் அஃபெக்ட்' என்கிறார்கள். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் விஷயம் இதுதான்: இங்கே பழுதாகியிருப்பது அழுகையைப் பிடித்து நிறுத்தும் நரம்புப் பாதை.

அழுவது உடலுக்குப் பெரிய வேலை. முகத்தசைகள் இழுபட வேண்டும், தொண்டை இறுக வேண்டும், மூச்சு விட்டுவிட்டு வர வேண்டும், கண்ணீர் சுரக்க வேண்டும். இவற்றை ஒருசேர நடத்தும் அமைப்பு மூளைத்தண்டில் இருக்கிறது. அதற்குக் கடிவாளம் போடுவது மேலே உள்ள பெருமூளை. அலுவலகத்தில் முட்டிக்கொண்டு வரும் அழுகையை வீடு வரும்வரை விழுங்கிக்கொள்ள முடிவது இதனால்தான். பக்கவாதமோ, தலைக்காயமோ, மோட்டார் நியூரான் நோயோ, மல்டிபிள் ஸ்கிலரோசிஸோ இந்தப் பாதையை அறுத்தால் கடிவாளம் நழுவுகிறது. சில மூளைநோய்கள் அழுகையைத் தூண்டுவதை சார்லஸ் டார்வின் 1872இலேயே எழுதியிருக்கிறார். லண்டன் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் 1924இல் இதற்கு விரிவான விளக்கம் தந்தார். உணர்ச்சியின் அளவைச் சூழலுக்கேற்பச் சரிசெய்வதில் சிறுமூளைக்கும் பங்குண்டு என்று 2001இல் யோசஃப் பர்வீசி குழுவினர் வாதிட்டனர்.

"கை கால் விழுந்தவர் அழத்தானே செய்வார்? இதற்கு எதற்கு நரம்புக் கணக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் இதே பழுதால் சிலர் அடக்க முடியாமல் சிரிக்கிறார்கள், அதுவும் துயரச் செய்தியைக் கேட்கும்போது. அந்தச் சிரிப்பை மகிழ்ச்சி என்று யாரும் சொல்வதில்லை. இது மனச்சோர்வும் அல்ல. மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்து, தூக்கத்தையும் பசியையும் கெடுக்கும். இந்த அழுகையோ திடீரென்று வந்து சட்டென்று போகிறது. மனச்சோர்வுக்கான மாத்திரைகளே இதற்கும் பலன் தருகின்றனவே என்பது அடுத்த மறுப்பு. தருகின்றன, ஆனால் மனச்சோர்வே இல்லாதவர்களிடமும், பல நேரங்களில் குறைந்த அளவிலேயே, சில நாட்களிலேயே. மனச்சோர்வு தெளிய அவற்றுக்கு வாரங்கள் பிடிக்கும். ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு என்பதால், எது எவ்வளவு என்பதை மருத்துவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இதற்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் அனுமதித்த மருந்து ஒரு வினோதக் கூட்டணி: இருமல் மருந்தில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும், இதயத்துடிப்புக் கோளாறுக்குத் தரும் குயினிடினும். கல்லீரல் முன்னதை வேகமாகச் சிதைத்துவிடாமல் பின்னது தடுக்கிறது. குயினிடின் இதயத்தைத் தொடும் மருந்து என்பதால், மருத்துவர் சொல்லாமல் இதை எடுக்கக் கூடாது; வெறும் இருமல் மருந்தை வாங்கிக் குடித்துச் சோதிக்கும் வேலையும் வேண்டாம். மருந்து தவிர, அழுகை கிளம்பும்போது உட்கார்ந்திருக்கும் நிலையை மாற்றுவது, தோளையும் தாடையையும் தளர்த்துவது, மெதுவாக மூச்சிழுத்து விடுவது, அறையில் உள்ள பொருட்களை எண்ணுவது ஆகியவை பலருக்கு உதவுகின்றன. "எனக்கு இப்படி வரும், பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதிக் கூச்சம் குறையும். அருகில் இருப்பவர்கள் ஏன், என்ன என்று துருவ வேண்டியதில்லை. கொஞ்சம் பொறுத்திருந்து, விட்ட இடத்தில் பேச்சைத் தொடரலாம். சாப்பிட்டாரா என்ற கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.